தணிகை மலைப் பாறையில் வாழும் ஓணான்

முருகப் பெருமானின் அறுபடை வீடுகளுள் ஐந்தாவதாகப் போற்றப்படும் திருத்தலம் திருத்தணி. சூரபதுமனோடு நிகழ்ந்த போர் முடிந்தபின் பெருமான் சினம் தணிந்து அமர்ந்த இடமாதலின் இம்மலை தணிகை எனப் பெயர் பெற்றது என்பது தலபுராண மரபு. அடிவாரத்தில் சரவணப் பொய்கை விளங்குகிறது. ஓராண்டின் நாள்களைக் குறிக்கும் 365 படிகளில் ஏறி அன்பர்கள் பெருமானைத் தரிசிக்கின்றனர்.

படியேறுவோரின் கண்கள் இயல்பாகவே கோபுரத்தை நாடிச் செல்லும். இருபுறமும் வெயில் காய்ந்து கிடக்கும் பாறைகளை நின்று நோக்குவோர் சிலரே. அவ்வாறு நோக்குவோர்க்கு ஒரு காட்சி கிட்டுவதுண்டு. உயர்ந்ததொரு பாறையின் உச்சியில், முன்னங்கால்களை ஊன்றி நெஞ்சை நிமிர்த்தி, தலையை மேலும் கீழும் அசைத்தவாறு ஒரு சிற்றுயிர் அமர்ந்திருக்கும். முதுகு செந்நிறமாகவும் விலாப்புறம் கருநிறமாகவும் விளங்கும் அதனைப் பச்சோந்தி என்பார் சிலர். கரட்டான் என்பார் சிலர். அதன் சரியான பெயர் பாறை ஓணான். அதன் வாழ்க்கை முறையை அறிந்துகொண்டால், மலையேறும்போது நாம் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு ஒன்றும் விளங்கும்.

பெயரும் இனமும்

ஓணான் இனத்தைத் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே கூர்ந்து கண்டிருக்கின்றனர். ‘ஓதி’ என்னும் பெயரால் இவ்வினம் சங்க நூலாகிய குறுந்தொகையில் இடம்பெறுகிறது. வழிச்செல்வோர் அதனைக் கண்டு நிமித்தம் பார்த்தனர் என்னும் செய்தியும் அங்கு உண்டு. ஓதி, ஓந்தி என்பன ஒரே சொல்லின் வடிவங்கள். பச்சை நிற ஓந்தியே பச்சோந்தி ஆயிற்று.

எனவே பச்சோந்தி வேறு, பாறை ஓணான் வேறு. பச்சோந்தி மரத்தில் வாழ்வது, மெல்ல நடப்பது, இரு கண்களையும் தனித்தனியே சுழற்றுவது, நெடிய நாவை நீட்டி இரை பிடிப்பது. பாறை ஓணானோ பாறைக்குப் பாறை விரைந்து ஓடுவது. வேலியிலும் தோட்டத்திலும் நாம் காணும் நாட்டு ஓணானுக்கு இது நெருங்கிய உறவு. ஆயினும் நாட்டு ஓணானுக்கு முதுகில் அரம்பப் பல் போன்ற முட்கள் உண்டு. பாறை ஓணானின் முதுகு சிறுசிறு செதில்களால் மூடப்பெற்றுச் சீராக இருக்கும்.

ஆங்கிலேய அறிஞர் ஜான் எட்வர்ட் கிரே 1831ஆம் ஆண்டில் இவ்வுயிரை அறிவியல் முறையில் விவரித்தார். இதன் அறிவியற்பெயர் சம்மோபிலஸ் டார்சாலிஸ் என்பது. முதற்சொல்லுக்குக் கிரேக்க மொழியில் ‘மணலை விரும்புவது’ என்று பொருள். பாறையை விட்டு அகலாத உயிருக்கு இவ்வாறு பெயர் அமைந்தது ஒரு விந்தையே.

பாறையே வீடு

பாறை ஓணான் தென்னிந்தியாவுக்கே உரிய உயிர். தமிழ்நாடு, ஆந்திரம், கருநாடகம், கேரளம் ஆகிய மாநிலங்களின் பாறைக் குன்றுகளில் இது வாழ்கிறது. திருத்தணியும் அதனைச் சூழ்ந்த கிழக்குத் தொடர்ச்சி மலைக் குன்றுகளும் இதன் இயல்பான வாழிடப் பரப்பினுள் அடங்கியவை. வளர்ந்த ஆண், வால் நீங்கலாக ஏறத்தாழ 13 செ.மீ. நீளம் இருக்கும், வால் உடலைவிட நீண்டது. பெண் அளவில் சிறியது.

பாறை வாழ்க்கைக்கு ஏற்றவாறே இதன் உடல் அமைந்துள்ளது. உடல் தட்டையாக இருப்பதால் குறுகிய வெடிப்புக்குள்ளும் எளிதில் நுழைந்துவிடும். நீண்ட விரல்களும் கூரிய நகங்களும் செங்குத்துப் பாறையைப் பற்றி ஏற உதவுகின்றன. பெண்ணும் குஞ்சும் பழுப்பு நிறத்தில் கரும்புள்ளிகளோடு இருக்கும். மழையிலும் வெயிலிலும் கறுத்து, ஆங்காங்கே பாசி படிந்த பாறையின் மீது அவை அசையாது கிடந்தால், இரண்டடித் தொலைவில் நிற்பவர்க்கும் புலப்படா.

நமக்கு வெறும் கல்லாகத் தோன்றும் பாறையில் இவ்வுயிருக்கு வேண்டிய அனைத்தும் உள்ளன. உச்சி, காவல் மேடை. சரிவு, இரை தேடும் களம். வெடிப்பு, பகைக்கு அஞ்சி ஒளியும் அரணும் இரவில் உறங்கும் அறையும். பாறையின் அடியிலுள்ள மண், முட்டையிடும் இடம். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் வாழ்க்கை இடர்ப்படும். பாறையைச் சுற்றிக் காடு பசுமையாக இருந்தும், பாறை இல்லையேல் இவ்வோணான் இல்லை.

ஒரு நாளின் ஒழுங்கு

ஓணான் தன் உடலுக்கு வேண்டிய வெப்பத்தைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. கதிரவனிடமிருந்தே அதனைப் பெறவேண்டும். ஆதலின் காலையில் வெடிப்பிலிருந்து வெளிவந்தவுடன் இளவெயில் படும் பாறையில் உடலைப் பரப்பிக் கிடக்கும். உடல் சூடேறிய பின்னரே இரை தேடத் தொடங்கும். எறும்பு, வண்டு முதலிய பூச்சிகளே இதன் உணவு. அலைந்து திரியாமல் ஓரிடத்தில் அமர்ந்து, அருகில் ஊர்ந்து வரும் பூச்சியைப் பாய்ந்து கவ்வும்.

உச்சிப் பொழுதில் பாறை கொதிக்கத் தொடங்கியதும் நிழலையோ வெடிப்பையோ நாடிவிடும். வெயில் தாழ்ந்தபின் மீண்டும் வெளிவந்து, மாலை மங்கும்போது உறைவிடம் புகும். வெறுங்காலோடு படியேறும் அன்பர்கள் காலையும் மாலையும் ஏறி, நண்பகலில் மண்டப நிழலில் இளைப்பாறுவர் அன்றோ? ஓணானின் நாளும் அவ்வாறே கழிகிறது.

ஓணான் உறங்கச் சென்றபின் பாறை வேறு குடிகளுக்கு உரியதாகிறது. பல்லி இனங்கள் இரவில் வெளிவருகின்றன. அண்டையிலுள்ள திருப்பதி மலையில் வாழும் பொன்னிறப் பல்லி அவற்றுள் புகழ் பெற்றது. பெட்டோம் என்னும் ஆங்கிலேயர் 1870ஆம் ஆண்டில் அதனை விவரித்தார். ஈரமும் நிழலும் உள்ள பாறைக் குகைகளில் அது வாழ்கிறது. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்கும் அன்பர்கள், பொன்னிறப் பல்லி ஒன்று மெய்யாகவே இப்பகுதி மலைகளில் உயிர் வாழ்வதை அறிந்தால் மகிழ்வர்.

நிறம் பேசும் மொழி

ஆண் ஓணானின் நிறமாற்றமே இவ்வுயிரின் பெருஞ்சிறப்பு. மற்றக் காலங்களில் ஆணும் மங்கிய பழுப்பு நிறத்திலேயே இருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் முதுகிலும் விலாவிலும் பளிச்சிடும் நிறங்கள் தோன்றும். அந்நிறங்கள் எப்போதும் ஒன்றாக நிற்பதில்லை. எதிரில் இருப்பது யார் என்பதைப் பொறுத்து நொடிப்பொழுதில் மாறுகின்றன.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் இம்மாற்றத்தை அளந்து 2017ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பெண்ணைக் கண்ட ஆணின் முதுகு செந்நிறமாகவும் விலா கருநிறமாகவும் மாறுகிறது. மற்றோர் ஆண் எதிர்ப்பட்டால் முதுகு மஞ்சளாகவும் விலா செம்மஞ்சளாகவும் மாறுகிறது. பெண்ணை நாடும்போது நிறங்களின் வேறுபாடு மிகுதி. போட்டியாளனை எதிர்கொள்ளும்போது மாற்றத்தின் விரைவு மிகுதி. துணையைக் கவரப் பொலிவு வேண்டும். பகையை எச்சரிக்க விரைவு வேண்டும். ஒரே தோலில் இருவேறு செய்திகள் எழுதப்படுகின்றன.

தோலில் அமைந்த நிற அணுக்களே இதற்குக் காரணம். அவற்றுள் உள்ள கருநிறப் பொருள் விரிந்து பரவினால் தோல் கறுக்கிறது. அது ஒடுங்கினால் மற்ற நிறங்கள் வெளிப்படுகின்றன. எந்நேரமும் பளிச்சிட்டு நின்றால் வல்லூறின் கண்ணில் எளிதில் படும். ஆதலின் வேண்டும்போது நிறத்தை அணிந்து, வேண்டாதபோது களைந்துவிடுகிறது.

நிறத்தோடு உடலசைவும் சேர்கிறது. தலையை அசைத்தல், முன்னங்கால்களை மடக்கி நிமிர்தல், உடலை உயர்த்திக் காட்டுதல் ஆகியவற்றால் ஆண் தன் எல்லையை அறிவிக்கிறது. எதிரி வலிமையை உணர்ந்து விலகிவிட்டால் பூசல் அத்துடன் முடிந்தது. கடித்துப் பொருதலும் உண்டு எனினும், எச்சரிக்கையாலேயே பல பூசல்கள் தீர்ந்துவிடுகின்றன. சினம் தணிந்த மலையில் வாழும் சிற்றுயிரிடம் இப்பண்பைக் காண்பது மனத்திற்கு இனிமை தருகிறது.

ஓராண்டு வாழ்வு

மதனப்பள்ளிக்கு அருகில் உள்ள ரிஷி பள்ளத்தாக்கில் பாறை ஓணான்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து ஆய்வு செய்துள்ளனர். அது முன்னைச் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த பகுதி. திருத்தணியும் 1960ஆம் ஆண்டில் தமிழகத்தோடு இணையும்வரை அச்சித்தூர் மாவட்டத்திலேயே இருந்தது. பாறையும் புதர்க்காடும் கலந்த அந்நிலத்தில் கண்ட செய்திகள் நமக்கும் பயன்படுவன.

இனப்பெருக்கக் காலம் ஏப்ரல், மே மாதங்களில் தொடங்கி ஆகஸ்டு, செப்டம்பர் வரை நீள்கிறது. வலிமை மிக்க ஆண்கள் உயர்ந்த பாறைகளைக் கைக்கொள்கின்றன. ஓர் ஆணின் எல்லைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பெண்கள் வாழ்வதுண்டு. கருவுற்ற பெண் பாறையை அடுத்துள்ள மண்ணில் குழி பறித்து, ஏழெட்டு முட்டைகளை இட்டு மூடிவிட்டுச் செல்லும். அடைகாத்தல் இல்லை, மண்ணின் வெப்பமே முட்டைகளைப் பொரிக்கிறது. வெளிவரும் குஞ்சுகள் பிறந்த நாள் முதலே தாமே இரை தேடித் தாமே தற்காத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வாய்வுகளில் தெரியவந்த முதன்மையான செய்தி இதன் வாழ்நாளைப் பற்றியது. ஓராண்டில் பிறந்த குஞ்சு அடுத்த ஆண்டில் வளர்ந்து இனம் பெருக்குகிறது. பெரும்பாலான ஓணான்கள் ஒரே ஓர் இனப்பெருக்கப் பருவத்தையே காண்கின்றன. இரண்டாம் பருவத்தை எட்டுவன மிகச் சில. இவ்வாண்டு நாம் பாறையில் கண்ட செந்நிற ஆணை அடுத்த ஆண்டு அதே பாறையில் காண்பது அரிது. அங்கு அமர்ந்திருப்பது பெரும்பாலும் அடுத்த தலைமுறையாகவே இருக்கும். படிகள் குறிக்கும் 365 நாள்களே ஏறத்தாழ அதன் முழு வாழ்வு என்று கொள்ளலாம்.

பழிச்சொல்லும் உண்மையும்

இச்சிற்றுயிர் மீது நம் நாட்டில் நெடுங்காலமாக ஒரு பழி சுமத்தப்பட்டு வருகிறது. இராமபிரான் தாகத்தால் வருந்தியபோது அணில் இளநீர் தந்தது என்றும், ஓணான் தன் சிறுநீரைத் தந்தது என்றும் சிற்றூர்களில் ஒரு கதை வழங்குகிறது. அதனைச் சொல்லிச் சிறுவர்கள் அணிலைத் தடவிக்கொடுப்பர்; ஓணானைக் கல்லால் அடிப்பர். இக்கதை வான்மீகி இராமாயணத்திலும் இல்லை, கம்பராமாயணத்திலும் இல்லை. யாரோ கட்டிய கதைக்காக எண்ணற்ற உயிர்கள் மாண்டன.

ஓணான் தலையசைப்பது நம்மை எள்ளுவதற்காக என்றும், தொலைவில் இருந்தே குருதியை உறிஞ்சும் என்றும் கூறுவர். தலையசைவு தன் இனத்தாருக்கு அது விடுக்கும் செய்தி என்பதை மேலே கண்டோம். கழுத்து சிவப்பது நிறமாற்றத்தால், குருதியால் அன்று. இதற்கு நஞ்சு இல்லை. மனிதரைக் கண்டால் ஓடி ஒளிவதே இதன் இயல்பு. பல்லியைப் போல வாலை எளிதில் உதிர்த்துத் தப்பும் வழியும் இதற்கு இல்லை. விரைந்தோடும் காலும் அருகில் ஒரு வெடிப்புமே இதற்குத் துணை.

‘வேலிக்கு ஓணான் சாட்சி’ என்பது பழமொழி. அப்பழமொழி எள்ளலாகச் சொல்லப்பட்டது எனினும், ஒரு குன்றின் பாறைகள் சிதையாமல் உள்ளன என்பதற்குப் பாறை ஓணான் மெய்யாகவே நல்ல சாட்சி.

ஆடிக் கிருத்திகையும் ஓணானும்

திருத்தணியில் ஆடிக் கிருத்திகைப் பெருவிழா சூலை, ஆகஸ்டு மாதங்களில் நிகழ்கிறது. காவடி ஏந்திப் பல்லாயிரக்கணக்கான அன்பர்கள் தமிழகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் மலையேறுகின்றனர். பாறை ஓணான் துணை தேடுவதும், பெண் மண்ணில் முட்டையிடுவதும், முதற்குஞ்சுகள் வெளிவருவதும் அக்காலத்திலேயே. மக்கள் கூட்டம் மிகும் காலமும் ஓணானின் தலைமுறை உருவாகும் காலமும் ஒன்றாக அமைந்துவிட்டன.

ஆதலின் அக்காலத்தில் எறியப்படும் ஒரு கல் ஓர் உயிரோடு நிற்பதில்லை. ஒரே பருவம் மட்டுமே வாழும் ஆண் அன்று மாண்டால் அதற்கு மறுவாய்ப்பு இல்லை. முட்டையிடும் முன் பெண் மாண்டால், அடுத்த ஆண்டு அப்பாறையில் வெயில் காய வேண்டிய ஏழெட்டு உயிர்களும் உடன் அழிகின்றன.

கல்லெறிதல் மட்டுமே தீங்கு என்று கருதலாகாது. எஞ்சிய உணவைப் பாறையிடுக்கில் கொட்டினால் காகமும் நாயும் பூனையும் அங்குக் கூடும். அவை ஓணானையும் குஞ்சையும் பிடித்துண்ணும். வீடு கட்டும் பேறு வேண்டிச் சிறுகற்களைப் பெயர்த்து அடுக்கும் வழக்கம் பல மலைத்தலங்களில் காணப்படுகிறது. அக்கற்களின் அடியில் முன்பே ஓர் உயிர் குடியிருப்பதை நாம் எண்ணுவதில்லை. பாறைமீது பெயரும் விளம்பரமும் தீட்டுதல், காய்ந்த புல்லில் நெருப்பிடுதல் ஆகியனவும் இவ்வாறே. இவை எல்லாவற்றினும் பெரிய கேடு, கருங்கல்லுக்காகக் குன்றுகளையே வெடிவைத்துத் தகர்த்தல். காட்டை அழித்தால் மீண்டும் மரம் நடலாம். பல கோடி ஆண்டுகளில் உருவான பாறையை ஒருவராலும் மீண்டும் நட இயலாது.

நகரம் நெருங்கும்போது ஓணான்கள் தம்மால் இயன்றவரை இணங்கி வாழ முயல்கின்றன. பெங்களூரு நகர விளிம்பில் வாழும் ஓணான்கள், அச்சம் நேரும்போது எந்த மறைவிடம் பாதுகாப்பானது என்பதை ஊர்ப்புற ஓணான்களைவிட விரைவில் கற்றுக்கொள்கின்றன என 2019ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு கூறுகிறது. எனினும் நகர்ப்புற ஆண்களின் நிறம் மங்கியும், நிறமாற்றம் மெதுவாகவும் இருப்பதை அதே ஆய்வுக் குழுவினர் கண்டனர். உயிர் பிழைக்கின்றன, ஆனால் பொலிவை இழக்கின்றன.

மலையேறும் அன்பர்களுக்கு வேண்டுகோள்

1. பாறை ஓணானைக் கண்டால் சற்று நின்று நோக்குக. துரத்துதலும் பிடித்தலும் வேண்டா. காலை வேளையும் வெயில் தாழ்ந்த மாலை வேளையும் அதனைக் காண ஏற்றவை.

2. உடன்வரும் சிறுவர்களுக்கு அதன் நிறமாற்றத்தைக் காட்டி விளக்குக. ஒருமுறை வியந்து நோக்கிய குழந்தை பிறகு கல்லெடுக்காது.

3. படிவழியை விட்டு விலகிப் பாறைகளுக்கிடையே உள்ள மண்ணை மிதித்தலும் கிளறுதலும் தவிர்க்கத்தக்கன.

4. கற்களைப் பெயர்க்காமல் இருந்த இடத்திலேயே விட்டுவிடுக.

5. உணவு மீதி, ஞெகிழிப் பை, குடிநீர்ப் புட்டி ஆகியவற்றைக் குப்பைத் தொட்டியில் மட்டுமே இடுக.

6. கற்பூரமும் நெருப்பும் அவற்றிற்குரிய இடங்களில் மட்டுமே ஏற்றப்பட வேண்டும்.

குன்றுதோறும் எழுந்தருளும் குமரனுக்கு மயிலும் சேவலும் பாம்பும் உரியன என்பதை நாம் அறிவோம். அவற்றைப் போற்றும் நாம், பெயரும் பெருமையும் பெறாத சிற்றுயிர்க்கும் அக்குன்றில் இடமுண்டு என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். நாம் சில மணி நேரம் தங்கிச் செல்லும் மலையில் அது பிறந்து, வாழ்ந்து, ஓராண்டில் மறைகிறது. அந்த ஓராண்டை அது இடரின்றி வாழ விடுதல் மலையேறும் ஒவ்வொருவரின் கடமையாகும்.